ரீபோர் செய்த ஆயில் இன்ஜின் பிடிக்கவில்லையா? பிரிக்கும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

திண்டிவனம் பக்கம் இரண்டு ஏக்கர் மணிலா. விதைத்து நாற்பத்தைந்து நாள். விழுது மண்ணில் இறங்குகிற நேரம். கிணற்று மேட்டில் இருந்த 5 குதிரைத்திறன் ஏர் கூல்டு டீசல் இன்ஜினை முந்தின வாரம்தான் ரீபோர் செய்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு வாங்கி வந்திருந்தார் அந்த விவசாயி. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கை லேசாகப் போகிறது. வெள்ளைப் புகை வருகிறதே தவிர, இன்ஜின் பிடிக்கவில்லை. பட்டறையில் கேட்டால், "கொண்டு வாங்க, மறுபடி பிரிச்சுப் பார்த்துடலாம்" என்கிறார்கள். பிரித்தால் இன்னொரு கேஸ்கட், கூலி, வண்டி வாடகை, நான்கு நாள் காத்திருப்பு. விழுது இறங்கும் பருவத்தில் தண்ணீர் தவறினால் காய் பிடிப்பு குறைந்துவிடும்.

டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்கும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காற்று எங்காவது கசிந்தால் அந்தச் சூடு வராது. டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். புது ரிங் போட்டதாலேயே கம்ப்ரஷன் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. காற்று எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் இன்ஜினைப் பிரிப்பது வீண் செலவு.

முதலில் டீசலை அடைத்துவிட வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரை இறக்கிவிட்டு, ஹேண்டிலை மெல்லச் சுற்றி, கை கனக்கும் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிப் பிடித்தால் ஹேண்டில் எதிர்த்து அடிக்கும்போது விரல் முறியும். நல்ல இன்ஜின் சற்று நேரம் எதிர்த்து நிற்கும். கசிகிற இன்ஜின் 'உஸ்' என்று இறங்கிவிடும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இன்னொருவர் கேட்க வேண்டும். சைலன்சரில் கேட்டால் எக்சாஸ்ட் வால்வு, ஏர் பில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயிலோ பிரீதரிலோ வந்தால் ரிங். ஹெட் இணைப்பிலும் நாசில் அடியிலும் சோப்பு நீர் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும்.

வால்வு என்று தெரிந்தால் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். புதிதாக வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் அது முன்பைவிடச் சற்று ஆழமாக அமரும். அதன் தண்டு மேலே ஏறி இடைவெளியைத் தின்றுவிடும். ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கினாலும் இடைவெளி குறையும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே நிற்கையில், கையேட்டில் சொன்ன அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரும் இதே குறும்பைச் செய்யும். இறக்கிவிட்ட பிறகும் வால்வை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

காதுக்குப் பிடிபடாவிட்டால் நாசிலைக் கழற்றி, ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை மட்டும் உள்ளே விட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு பத்து முறை சுற்றிவிட்டு, நாசிலை மாட்டிப் பாருங்கள். கை கனம் கூடினால் ரிங் பக்கம்தான் கோளாறு. மாறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அதிக ஆயில் விடவே கூடாது. பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகக் குறைவு. ஆயில் நிரம்பினால் கனெக்டிங் ராடு வளையும்.

ரிங்தான் என்று உறுதியானால் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே நின்று பார்க்க வேண்டியவை உண்டு. 'டாப்' என்று எழுத்துள்ள முகம் மேலே இருக்கிறதா, ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா, ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து வாய் அளவு எடுத்தார்களா என்று கேளுங்கள். ஏர் கூல்டு இன்ஜினில் சிலிண்டர் பிளாக் தனியாகக் கழலும். அதன் அடியில் வைக்கும் ஷிம் கனமாகிவிட்டால் பிளாக் உயர்ந்து, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இடம் கூடி, எங்குமே கசியாமல் கம்ப்ரஷன் குறையும். பழைய ஷிம்மோடு புதியதையும் சேர்த்துப் போட்டுவிடுவது அவசர வேலையில் நடக்கிற தவறு.

திண்டிவனத்து விவசாயிக்குச் சத்தம் சைலன்சரில் கேட்டது. எக்சாஸ்ட் டேப்பட்டில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரின் ஸ்பேனரை வாங்கிச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது.

புது ரிங் பழகும்வரை இன்ஜினை வெறுமனே ஓட விடக்கூடாது. சிலிண்டர் சுவர் பளபளத்து ரிங் பிடிக்காமல் போகும். மிதமான சுமையில் தண்ணீர் இறைக்கலாம். பிளாக்கின் இறகுகளில் தூசியும் சருகும் அடைந்திருந்தால் தட்டிவிட்டு, காற்றுத் தகட்டைக் கட்டாயம் மாட்டுங்கள். அந்தத் தகடு இல்லாமல் ஓட்டினால் விசிறியின் காற்று பிளாக்கில் படாது. சூடேறி, புது ரீபோரும் கோணிவிடும்.