உடற்கொழுப்பும் இளமையும்

உடலிலுள்ள கொழுப்பு, எஞ்சிய உணவைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் மட்டுமே என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. 1994இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்புத் திசுவே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது என்பதை அதற்குரிய மரபணுவின் வழியே கண்டறிந்தனர். பின்னர் லெப்டின் எனப் பெயர்பெற்ற அந்த ஹார்மோன், உடலின் இருப்பு எவ்வளவு என்ற செய்தியை இரத்தத்தின் வழியே மூளைக்குக் கொண்டுசெல்கிறது. இருப்பும் வரவும் போதுமானவையாக இருந்தால் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது பெண்ணின் சினைப்பையையும் ஆணின் விரையையும் இயக்குகிறது. இருப்பு குறைந்தால், உயிரைக் காப்பதே முதல் வேலை, மற்றவை பிறகு என்று உடல் முடிவுசெய்துகொள்கிறது.

அந்த முடிவு எத்துணைக் கடுமையானது என்பதை, இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டமான 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு காட்டிற்று. நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் 24 வாரங்கள் ஏறத்தாழ 1,570 கிலோகலோரி உணவில் வாழ்ந்தனர்; நாள்தோறும் நடக்கவும் செய்தனர். உடல் எடையில் கால்பங்கு கரைந்தது. இதயத்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது, பாலுணர்வு ஏறக்குறைய அற்றே போயிற்று.

பெண்களைப் பொறுத்தவரை, மாதவிலக்கு ஒழுங்காக நிகழ உடற்கொழுப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு இருந்தாக வேண்டுமென 1974இல் ரோஸ் ஃபிரிஷ் முன்வைத்த கருத்து பெரிதும் பேசப்பட்டது. இன்றும் சில நூல்கள் அதையே சொல்கின்றன. ஆனால் கொழுப்பின் விழுக்காட்டைவிட அன்றாட வரவு செலவே முதன்மையானது என்பதை ஆன் லவுக்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்தியது. உடற்பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கலான எடையில் ஒரு கிலோவுக்கு 30 கிலோகலோரிக்கும் குறைவாக எஞ்சியபோது, ஐந்தே நாட்களில் பிட்யூட்டரியின் சுரப்புத் தாளம் குலைந்தது. 50 கிலோ எடையும் 25 விழுக்காடு கொழுப்பும் உள்ள ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். கொழுப்பு நீங்கலாக அவர் எடை 37.5 கிலோ. பயிற்சியில் 300 கிலோகலோரி செலவிடுவாராயின், அந்த எல்லையைத் தொடுவதற்கே 1,425 கிலோகலோரி உண்ண வேண்டும். காலை உணவைத் தவிர்த்துவிட்டு மாலையில் ஓடும் பெண்கள் பலர் இக்கணக்கை அறியார். மாதவிலக்கு நிற்பதை வசதியென்றுகூடக் கொள்வாருண்டு. அவ்வேளையில் ஈஸ்ட்ரஜன் குறைந்து, இருபதுகளில் உறுதிபெற வேண்டிய எலும்பு தேயத் தொடங்குகிறது.

பெருந்தீனியைக் கண்டிக்க, வயிற்றை மூன்றாகப் பகிரச் சொல்லும் நபிமொழியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு எதிர்க்கோடியைக் கண்டித்த செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்து, உடலுக்கும் உரிமையுண்டு என்று நினைவூட்டியதாக புகாரீயில் பதிவாகியுள்ளது.

இனி மிகையின் பக்கம். கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக்குள் சேர்வது, இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன்களை மிகுதியாக உண்டாக்கத் தூண்டுகிறது. அவற்றைப் பிணைத்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்தே தருவதால் கட்டற்ற ஹார்மோன் பெருகுகிறது. மாதவிலக்குத் தவறுதல், முகத்தில் உரோமம், பரு எனச் சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று நாம் அழைப்பது வெளிப்படுகிறது. 1935இல் ஸ்டெய்ன், லெவந்தால் இருவரும் விவரித்த நோய் இது. மெலிந்த பெண்களுக்கும் வருவதுண்டு. பருத்தவர்கள் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்குச் சினைமுட்டை வெளியேற்றம் மீள்கிறது. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று பெண்ணை மருத்துவரிடம் காட்டாதிருக்கும் பெற்றோர் அவளுக்கு நன்மை செய்யவில்லை.

தராசு காட்டும் எடையையும் முழுமையாக நம்பலாகாது. பூனாவின் மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தம் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர் மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்பைச் சுமப்பவர்கள் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. இடுப்பளவு நாடாவே நமக்கு மேலான கருவி.

ஆண்களின் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது. பருமன் கூடக்கூட டெஸ்டோஸ்டிரோன் தாழ்கிறது. இதைச் சரிக்கட்ட உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் தரும் ஊசியை நாடும் இளைஞர்கள் ஒன்றை அறிய வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், உள்ளே போதுமான அளவு இருக்கிறதெனப் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திவிடுகிறது. விரை சுருங்கி, விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம். ஊசியை நிறுத்திய பின்னும் அது மீளப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். தசை திரண்ட தோளோடு மகப்பேறின்மைக்கு மருத்துவம் தேடும் நிலை நகைப்புக்குரியதன்று.

உழைக்கும் தசை, இன்சுலினின் உதவியின்றியே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். எடை குறையாத நாட்களிலும் பயிற்சி பயன்தருவது இதனால்தான். 1037இல் மறைந்த இப்னு சீனா, தமது கானூனில் உடல்நலம் பேணும் வழிகளாக உடற்பயிற்சி, உணவு, உறக்கம் என்ற மூன்றை இவ்வரிசையிலேயே வைத்தார்.

மூன்றாவதை நாம் ரமழானில் இழக்கிறோம். நோன்பினால் எடை சராசரியாக ஒரு கிலோ அளவே குறைந்து, சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் சேர்ந்தால் அதுவும் குறையாது. தராவீஹுக்குப் பின் ஸஹர் வரை தெருவில் பேசிக்கொண்டே விழித்திருப்பது வேறு வகைக் கேடு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரமே உறங்கவிட்டுப் பார்த்தபோது, அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்திருந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது. அவர்கள் உணவில் எதையும் இழக்கவில்லை, உறக்கத்தை மட்டுமே இழந்திருந்தனர்.