கடையில் கிடக்கிறது, கடலில் பிடிக்கக் கூடாதாம்!

"கடை நிறையத் தொர்ஸ்க் மீன் கிடக்கிறது. பிறகேன் ஒஸ்லோ பியோர்ட்டில் பிடிக்கக் கூடாது என்கிறார்கள்?" புதிதாக வந்த குடும்பங்கள் தூண்டிலும் கையுமாக எம்மிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கரையோரத்தில் பிறந்த எமக்கு, கடலில் தடை என்றாலே கடற்படையின் நினைவுதான் வரும். இங்கே தடை மீனுக்காக.

கடையில் நாம் வாங்கும் தொர்ஸ்க்கில் பெரும்பகுதி வடக்கே பரென்ட்ஸ் கடலைச் சேர்ந்தது. ஒஸ்லோ பியோர்ட்டில் இருப்பது கரையோரத் தொர்ஸ்க். அங்கே எவ்வளவு மீன் பெருகினாலும் இங்குள்ள குறையை அது வந்து நிரப்பாது.

இங்கு மீன் அருகிப் போனதால், 2019 யூன் 15 முதல் சுவீடன் எல்லையிலிருந்து தெலமார்க் வரையான கரையோரக் கடலில் தொர்ஸ்க் பிடிப்பதைத் தடுத்தார்கள். தொழிலாளருக்கும் பொழுதுபோக்குக்குப் பிடிப்போருக்கும் ஒரே சட்டம். முட்டையிடும் இடங்களில் சனவரி முதல் ஏப்ரல் வரை மீன்பிடிக்குக் கூடுதல் தடையும் வந்தது. ஆனாலும் மீன் மீளவில்லை. கழிவுநீரும் வயல் உரமும் பியோர்ட்டில் சேர்ந்து பாசியைப் பெருக்குகின்றன, அடியில் பிராணவாயு குறைகிறது, நீரும் சூடாகிறது. தடை பிந்தி வந்தது என்பதே எமது எண்ணம்.

பிந்தாமல் செய்ததை எம்மவர் சிலர் நேரில் கண்டவர்கள். எண்பதுகளில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று மீன் வெட்டியவர்கள் அவர்கள். 1989 ஏப்ரல் 18 அன்று அரசு கரையோரத் தொர்ஸ்க் பிடிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டும் அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. வேலை குறைந்து பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஆனால் மீன் திரும்பியது: 2013இல் நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து அனுமதித்த அளவு 10 இலட்சம் தொன். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் 1992இல்தான் நிறுத்தினார்கள். அங்கே மீன் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. வடக்கிலும் இப்போது நிம்மதி இல்லை, 2025இல் அளவு 3 இலட்சத்து 40 ஆயிரம் தொன்னாக இறங்கிவிட்டது.

தொர்ஸ்க்கை அடையாளம் காண்பது சுலபம். முதுகில் மூன்று செட்டைகள், நாடியில் ஒற்றைத் தாடி, விலாவில் வெளிறிய கோடு. தூண்டிலில் பட்டுவிட்டால் கையை நனைத்துக்கொண்டு, முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும், அடிக்கடி மாறும். மீன்பிடித் திணைக்களமான பிஸ்கெரிடிரெக்டொராத்தின் இணையத்தளத்தில் அவை உண்டு. நோர்வேஜிய மொழி கஷ்டமென்றால், புறப்படுமுன் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.