பழைய பிக்கப் வாங்கும் முன்: கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதுமா?

வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களும், உள்ளூரிலேயே சிறு வியாபாரம் செய்வோரும் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். தவறில்லை. மீன், காய்கறி, தண்ணீர் கேன், பழைய இரும்பு, கல்யாண வீட்டுச் சமையல் பாத்திரம் என எதை ஏற்றினாலும் அன்றாடம் வருமானம் தரும் தொழில் அது. புது வண்டியின் விலை கைக்கு எட்டாதபோது பழைய பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வண்டிகளைத் தேடுகிறார்கள். மனைவியின் நகையோ, வெளிநாட்டுச் சேமிப்பின் கடைசிப் பகுதியோ அதில் இறங்குகிறது.

அப்படி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிட முக்கியமான ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. "கம்பெனி கொடுத்த வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள்? அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா?" என்பதே அந்தக் கேள்வி. அதிகம் ஓடியிருந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம். பதிவில் இல்லாத மாற்றத்தால் வரும் சிக்கலை எந்த விலைக் குறைப்பும் ஈடு செய்யாது.

அதிகம் ஓடியது குறையா?

ஒரு சரக்கு வண்டி நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 30,000 கிலோமீட்டர் ஆகிறது. ஆறு ஆண்டுகளில் 1,80,000. எனவே உழைத்த வண்டியின் மீட்டரில் இரண்டு லட்சத்தை ஒட்டிய எண் இருப்பது இயல்பு. உரிய காலத்தில் ஆயில் மாற்றிப் பராமரித்த டீசல் இன்ஜின் அதற்கு மேலும் உழைக்கும்.

உண்மையில் சந்தேகப்பட வேண்டியது குறைந்த எண்ணைத்தான். எட்டு வருட வண்டியில் 60,000 என்று காட்டினால், அது வேலையில்லாமல் நின்ற வண்டியாக இருக்க வேண்டும். அல்லது மீட்டரைக் குறைத்திருக்க வேண்டும். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் அமுங்கி, கதவு தொங்கிப்போன வண்டி 60,000 கிலோமீட்டரோடு நின்றிருக்காது. பழைய சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். பில் இல்லையென்றால், கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம்.

வண்டியைச் சோதிக்கும் முறை

நீங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் தடுமாறும் குறையை மறைத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை டீசல் அளவுக்கு மேல் போவதையோ காற்று போதாமல் இருப்பதையோ காட்டும். இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெக்கானிக்கை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி. இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

அடுத்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். பிக்கப்பின் உயிர் அதன் சேஸிஸ்தான். வெல்டிங் வைத்த தழும்பு, கூடுதல் இரும்புப் பட்டை ஒட்டிய இடம், ஓரிடத்தில் மட்டும் புதிதாக அடித்த கறுப்பு பெயிண்ட் ஆகியவை விபத்தையோ, பலகாலம் அதிக பாரம் ஏற்றியதையோ காட்டும். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஓர் எழுத்துக்கூட விடாமல் ஒப்பிடுங்கள்.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அரை டன்னாவது ஏற்றி ஒரு மேம்பாலத்தில் ஏறச் சொல்லுங்கள். கிளட்ச் நழுவுகிறதா, பின்பக்க டிஃபரன்ஷியல் இரைகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் பாரம் ஏறினால்தான் தெரியும். கூட அழைத்துப் போகும் மெக்கானிக் கார் வேலை மட்டும் தெரிந்தவராக இல்லாமல், சரக்கு வண்டி வேலை தெரிந்தவராக இருப்பது நல்லது.

மாற்றங்களும் சட்டமும்

பழைய பிக்கப்களில் பலவற்றை ஏதாவது ஒரு விதத்தில் மாற்றியிருப்பார்கள். கூடுதல் கமான் பட்டை, உயர்த்திய பக்கப் பலகை, பின்னால் நீட்டிய பாடி, பெரிய டயர், முன்னால் இரும்புக் கார்டு, ஏர் ஹாரன், பின்னால் உட்கார பெஞ்சு. விற்பவர் இவற்றையெல்லாம் சிறப்பாகச் சொல்வார். "எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கு, ரெண்டு டன் தாங்கும்" என்பார்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். தண்டனை வண்டியின் உரிமையாளருக்குத்தான். "முந்தைய ஓனர் செய்தது" என்று சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

திறந்த பாடியை மூடிய பாடியாக்குவது போன்ற மாற்றங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற்றுச் செய்து, ஆர்.சி.யிலும் பதிய வழி இருக்கிறது. பதிந்திருந்தால் கவலை இல்லை. பதியாவிட்டால் அடுத்த எஃப்.சி.யில் மாட்டிக்கொள்வீர்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி. நாளில் கழற்றிவிட்டு மறுநாள் மாட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கினால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் வண்டிச் சேதத்துக்கான தொகையை மறுக்க இடம் உண்டு.

எடை மேடைக்குக் கொண்டு போங்கள்

செலவு குறைந்த, ஆனால் மிகப் பயனுள்ள சோதனை இது. வெறும் வண்டியை ஒரு எடை மேடையில் ஏற்றி ரசீது வாங்குங்கள். ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கு.

எடுத்துக்காட்டாக, ஆர்.சி.யில் மொத்த எடை 2,990 கிலோ, வெற்று எடை 1,690 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,300 கிலோ ஏற்றலாம். ஆனால் எடை மேடை 1,940 கிலோ காட்டினால், சேர்த்த இரும்பு மட்டுமே 250 கிலோ. இனி 1,050 கிலோதான் ஏற்ற முடியும். கூடுதல் பட்டை போட்டதால் வண்டியின் சுமை உரிமை கூடவில்லை, குறைந்திருக்கிறது. மொத்த எடையைத் தாண்டினால் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய்; அதற்கு மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கமான் பட்டை தாங்கினாலும் பிரேக்கும் ஆக்சிலும் டயரும் கம்பெனி கணக்கிட்ட எடைக்கானவைதான். அந்தப் பாரத்தோடு இறக்கத்தில் வரும் வண்டிக்கு முன்னால் போகிறவரின் உயிரும் இதில் இருக்கிறது.

ஆர்.சி.யில் வீல்பேஸ் அளவும் இருக்கும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை டேப் வைத்து அளந்து ஒப்பிட்டால் சேஸிஸை நீட்டியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

பின்னால் ஆட்களை ஏற்றுவது

கல்யாணம், ஜியாரத், பெருநாள் என்று குடும்பத்தையே பிக்கப்பின் பின்னால் ஏற்றிச் செல்வதை நம் ஊர்களில் பார்க்கிறோம். அதற்காகவே பெஞ்சு பற்றவைத்த வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. இதில் இருக்கும் ஆபத்தை எல்லோரும் அறிய வேண்டும். சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறியவர்களுக்கு நஷ்டஈடு தர இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. சரக்கோடு வரும் அதன் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் வேறு. உறவினர்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், அந்தக் குடும்பங்களுக்கான நஷ்டஈடு முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில் விழும். உதவி செய்யப் போனவரின் வீடும் போகும். அடிபட்டவர்களுக்கும் உரியது கிடைக்காது. பெஞ்சு உள்ள வண்டியை வாங்கினால் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுங்கள்.

பெயர் மாற்றம்

பணம் கொடுக்கும் முன் பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, ஃபைனான்ஸ் பாக்கி பதிவு இருக்கிறதா, அபராத சலான் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைனான்ஸ் பதிவு இருந்தால் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28.

ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைத் தரகரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. பெயர் மாற்றாமலே பல கை மாறிய ஒரு வாகனத்தின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விற்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாக வரும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. மாற்றும்போது வண்டியில் உள்ள மாற்றங்களையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

விற்பவரின் பொறுப்பு

மீட்டரைக் குறைப்பதைச் சிலர் வியாபாரத் தந்திரம் என்கிறார்கள். மார்க்கம் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமையும் கொடுத்தார்கள். கட்டிய மடிக்கும் குறைத்த மீட்டருக்கும் என்ன வேறுபாடு? நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் நாம் அறிந்ததே. சேஸிஸில் வைத்த வெல்டிங்கும் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் நனைந்த தானியம்தான்.

"பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இந்த நிபந்தனை ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபி மத்ஹபின் பிரபல கருத்தின்படி, உயிருள்ள பிராணியில் விற்பவருக்கே தெரியாத உள்குறை தவிர மற்றவற்றில் இது அவரை விடுவிக்காது. எந்த மத்ஹபிலும், தெரிந்த குறையை மறைத்து விற்க அனுமதி இல்லை. "இன்னொருவர் பத்தாயிரம் கூடத் தருகிறார்" என்று இல்லாத ஆளைக் காட்டி விலையேற்றும் தரகர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். வாங்குபவரும் விலை குறைய வேண்டும் என்பதற்காக வண்டியில் இல்லாத குறையைச் சொல்லக் கூடாது.

பேசியதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். விலை, கொடுத்த அட்வான்ஸ், வண்டி எண், சேஸிஸ் எண், அன்றைய கிலோமீட்டர், தெரிவித்த குறைகள், செய்த மாற்றங்கள், வண்டி கைமாறிய தேதியும் நேரமும் இருக்கட்டும். வியாபாரம் நின்றுபோனால் அட்வான்ஸ் என்னவாகும் என்பதையும் முதலிலேயே தெளிவாக்குங்கள். வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணத்தை விற்பவர் எடுத்துக்கொள்வதைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. இரண்டு சாட்சிகளோடு எழுதிய ஒரு தாள், பின்னால் ஜமாஅத்தில் வந்து நிற்கும் பல வழக்குகளைத் தவிர்க்கும்.

கையிருப்பு முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். பழைய வண்டி முதல் சில மாதங்களில் டயர், கிளட்ச், பேட்டரி என்று கேட்கத்தான் செய்யும். அதற்கு ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய, எதையும் மாற்றாத, பதிவு சுத்தமான வண்டியும், 80,000 காட்டும், ஆனால் சேஸிஸ் நீட்டி பெஞ்சு பற்றவைத்த வண்டியும் ஒரே விலைக்குக் கிடைத்தால், முதல் வண்டியையே எடுங்கள். குடும்பத்தின் ஹலாலான வருமானத்துக்காக வாங்கும் வண்டி, வாங்கும் நாளிலேயே நேர்மையான காகிதத்தோடு வீட்டுக்கு வரட்டும். அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!