உப்புநீரில் உயிரிரைத் தூண்டிலுக்கு ரீல் தெரிந்தெடுத்தல்

தளவானூரிலும் அதனையடுத்த செஞ்சிச் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வசிக்கும் குடியானவர்களுக்குத் தூண்டில் புதியதன்று. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலையுடைய இப்பாறைநாட்டில் மழைநீர் தங்குமிடம் ஏரிகளே. அவ்வேரிகளில் சிறு கெண்டையையோ தவளையையோ உயிருடன் கோத்து விரால் பிடித்தல் நெடுநாளைய வழக்கம். அதற்கு ஒரு மூங்கிற் கழியும், அக்கழியின் நீளத்துக்கு நரம்பும் போதும். ஆயின் அறுவடை முடிந்தபின் திண்டிவனம் வழியாக மரக்காணத்துக் கழிமுகத்துக்குச் சென்று கொடுவா பிடிக்க விரும்புவோர் அம்முறையையே கையாண்டால், கழியையும் இழந்து வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

விரால் தூண்டிலிற் பட்டால் கொடிகளுக்குள் ஒளிய முயலுமேயன்றி நெடுந்தூரம் ஓடாது. கொடுவாவோ இரையை நீரோடு உறிஞ்சிக்கொண்டு, அக்கணமே திரும்பி ஓடும் இயல்புடையது. பல கிலோ எடையுள்ள மீன் இவ்வாறு ஓடுகையில் நரம்பை விட்டுக்கொடுக்க இடமில்லையேல் நரம்பு அறும். அறாவிடில் கரையில் ஊன்றிய கழி நீரிற் போய்விடும். ஆகவே நரம்பைச் சேமித்து வைத்து, வேண்டியபோது விட்டு, வேண்டியபோது பற்றும் கருவி இன்றியமையாததாகிறது. அக்கருவியே ரீல்.

இன்று பெரிதும் வழங்குவது ஸ்பின்னிங் ரீல். இதன் தத்துவம் நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். நாடாவினுள் தார் சுழலாமல் நிற்க, நூல் அதன் நுனிவழியே உரிந்து வருகிறதன்றோ? அவ்வாறே இந்த ரீலிலும் எறியும்போது உருளை அசையாது நிற்க, நரம்பு விளிம்பின்மேல் உரிந்து செல்லும். இங்கிலாந்தில் நெசவாலைத் தொழிலைச் சேர்ந்த இல்லிங்வொர்த் என்பவர் 1905 ஆம் ஆண்டில் இவ்வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளையில் எறிவேகம் தவறினால் நரம்பு சிக்குண்ணும். இதிலோ அத்தொல்லை குறைவு. எடையற்ற உயிர் இறாலையும் ஓரளவு தூரம் எறியலாம்.

உயிரிரைக்கென்று வாங்குவோர் முதலிற் கவனிக்க வேண்டியது, ரீலின் பின்புறத்தில் தனியான ஒரு நெம்பு உண்டா என்பதே. சாதாரண ரீலில் டிராக் எனப்படும் தடை ஒன்றே இருக்கும். அதை இறுக்கி வைத்தால் ஓடும் மீன் கழியை இழுத்துச் செல்லும். தளர்த்தி வைத்தாலோ, மீன் பட்டபின் எவ்வளவு இறுக்குவதென்று பதற்றத்தில் தெரியாது. வளைகம்பியைத் திறந்து வைப்பாரும் உளர். காற்றடித்தால் நரம்பு வளையம் வளையமாக அவிழ்ந்து சிக்கிவிடும். நெம்புள்ள ரீலில் தடைகள் இரண்டு. நெம்பைத் தள்ளியவுடன் மெல்லிய தடை மட்டும் வேலை செய்யும். இரை தன் விருப்பப்படி நீந்தவும், மீன் கவ்வி ஓடவும் உருளை இடங்கொடுக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியதும் நெம்பு தானே விடுபட்டு, முன்னரே அமைத்த பெருந்தடை பற்றிக்கொள்ளும். மெல்லிய தடையை நீரோட்டம் நரம்பை இழுக்காத அளவுக்குமட்டும் வைத்தல் போதும்.

பெருந்தடையின் அளவு நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். 12 கிலோ தாங்கும் நரம்பாயின் 3 அல்லது 4 கிலோ. இதைக் கைக்கணக்கால் தீர்மானிக்க வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள ஸ்பிரிங் தராசின் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்து, உருளை எந்த எடையிற் சுழலத் தொடங்குகிறதென்று பார்த்துக்கொள்ளலாம். கடையிலேயே நரம்பை மெதுவாக இழுத்துப் பார்ப்பதும் நலம். தடை வெட்டி வெட்டி விடுமாயின் அந்த ரீல் விலை மலிவாயினும் வேண்டா. பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது அந்த வெட்டில்தான்.

பருமனைக் குறிக்கும் எண்கள் எல்லா உற்பத்தியாளரிடமும் ஒன்றாயிரா. பின்னிய நரம்பு 200 மீட்டர் கொள்ளுவதாயின் கழிமுகத்துக்குப் போதும். பெரும்பாலும் 4000 அல்லது 5000 என்னும் எண்ணுடையவை அதற்குப் பொருந்தும். இதனிற் பெரியதை நாளெல்லாம் கையிற் பிடித்திருத்தல் தோளுக்கு வேதனையே. கடைக்காரர் பேரிங்குகளின் தொகையைப் பெரிதாகக் கூறுவார். துருவேறாத எஃகினாலான நான்கைந்து போதும். மிகுதியானவை உப்பு புகுவதற்கு மிகுதியான இடங்களே.

உப்பின் குணத்தை மரக்காணத்து உப்பளங்களில் மண்வெட்டி பிடிப்போர் நன்கறிவர். அலுமினிய உடல் வளையாது. ஆனால் மேற்பூச்சு கீறிய இடத்தில் அரிக்கும். கிராபைட் கலந்த உடல் அரிக்காது. பெருஞ்சுமையிற் சிறிது வளையும். எதுவாயினும் வீடு திரும்பியதும் தடையை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவ வேண்டும். குழாயைப் பீய்ச்சியடித்தால் உப்பு உள்ளே போய்விடும். உலர்ந்தபின் தடையைத் தளர்த்தி வைத்து, நரம்பு தவழும் சிறு உருளிக்கு ஒரு துளி எண்ணெய் இடல் தக்கது. முதலிற் கெடுவது அவ்வுருளியே.

இரையை ஊர் ஏரியிலிருந்து கொண்டுபோதல் தகாது. கெண்டைக் குஞ்சுகளின் உடல்நீரை உப்புநீர் வெளியே இழுத்துவிடுவதால், அவை விரைவில் மாளும். 1952 ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனோ உப்பிலும் பிழைத்திருந்து, எஞ்சியதை விட்டுவந்த இடமெல்லாம் பல்கும். கழிமுகத்திலேயே அரித்தெடுத்த மடவையும் உயிர் இறாலுமே உகந்தவை. அவற்றை அந்நீரிலேயே நிழலில், நெருக்கமின்றி வைத்து, அடிக்கடி நீர் மாற்ற வேண்டும்.

நுனி உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டிலையே கோத்தல் வேண்டும். அது வயிற்றிற் பாயாமல் வாயோரத்திற் பற்றும். விராலுக்குப்போல் வெடுக்கென இழுக்கும் பழக்கம் இங்கு உதவாது; கைப்பிடியைச் சுற்றினால் போதும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை பெரும்பாலும் பெண்மீன்கள். வாயோரத்திற் பட்டவற்றைப் பிழைக்கவிடலாம். சந்தைக்கு வேண்டுவோர்க்கு வளர்ப்பு வழி உண்டு: சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997 ஆம் ஆண்டிலேயே கொடுவாக் குஞ்சுகளைப் பொரிப்பித்தது.

கிராம அலுவலர் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் இசைவின்றித் தூண்டிலிடுதல் வழக்குக்கு இடமாகும். மரக்காணத்தையடுத்த கழுவெளி 2021 ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதாதலின், அதன் எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லலாகாது. எல்லை எங்கு முடிகிறதென்பதை வனத்துறை அலுவலகத்திற் கேட்டறிந்தபின் கழியை எடுத்துச் செல்லுதல் நலம்.