நறுமண எண்ணெய்: நம்பலாமா, குடிக்கலாமா?

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மிட்டாயைப் பாக்கெட் பிரித்துப் பல நாள் திறந்து வைத்தால் காறல் வாடை அடிக்கும். கடலையிலுள்ள எண்ணெய், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போவதுதான் காரணம். இதைத் தடுக்கும் பொருள்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால், ஓம எண்ணெயிலுள்ள தைமால் ஆகியவை அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

கரிசல் காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற மல்லிக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. காய்ந்த மல்லியைக் கடித்ததும் மூக்கில் ஏறும் வாசத்துக்கு லினலூல் என்ற பொருள்தான் முக்கியக் காரணம். நூறு கிலோ மல்லியை ஆவியில் வடித்தாலும் ஒரு கிலோ நறுமண எண்ணெய் தேறாது. அவ்வளவு செறிவான சரக்கு அது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்போல எடுத்து ஊற்றிக்கொள்ளக் கூடாது.

சோதனைக்குழாய் வேறு, உடம்பு வேறு

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்ட ஆன்டிஆக்சிடன்ட்’ என்று விளம்பரம் வரும். பெரும்பாலும் அந்த ஆய்வு, ஊதா நிறக் கரைசலில் எண்ணெயைக் கலந்து அது மஞ்சளாக வெளுக்கிறதா என்று பார்ப்பதுதான். எண்ணெயைக் குடித்தால் சர்க்கரை குறையும், புற்றுநோய் தீரும் என்பதற்கு அது சான்றாகாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994-ல் வெளிவந்தது. ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது.

ஆபத்து எங்கே?

யூகலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தைக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வரலாம். கற்பூரம் அதைவிடக் குறைந்த அளவிலேயே வலிப்பைக் கொண்டுவரும். கிராம்பு எண்ணெயை விழுங்கினால் கல்லீரல் பழுதாகலாம். சளிக்கு என்று கைக்குழந்தையின் மூக்கில் தைலம் தடவாதீர்கள். தேங்காய் எண்ணெயில் கலக்காமல் நேரடியாகத் தேய்த்தால் பெரியவர்களுக்கும் தோல் புண்ணாகலாம்.

குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். உடனே 108-ஐ அழையுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். எது, எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம்

புற்றுநோய், சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. முதல்முறை குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி இருக்க வேண்டும். உணவில் சேர்ப்பது என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் இருக்க வேண்டும். சந்தையிலோ வீட்டு வாசலிலோ வாங்கினாலும் பில் கேளுங்கள். பில், பாட்டில், விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

எந்த எண்ணெயை நம்பியும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. மல்லியும் ஓமமும் கிராம்பும் சமையலில் தாராளமாக இருக்கட்டும். அவற்றிலிருந்து வடித்த எண்ணெயைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.