டெங்கு இரவல் வாங்கும் கத்தி

மாரி மழை ஓயும் மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் டெங்கு நோயாளர் கூடுவது வழக்கமாகிவிட்டது. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் 186,101 பேருக்கு இந்நோய் கண்டதாகப் பதிவானது. ஆனால் அந்த வைரசை நேரடியாக அடக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. சேலைனும் பரசிற்றமோலும் தாதியரின் கண்விழிப்புமே நோயாளியைக் கரைசேர்க்கின்றன. மருந்துக்கான வழி நுளம்பிடம் மட்டுமல்ல, நமது உடற்கலங்களுக்குள் மென்சவ்வை வளைத்தும் வெட்டியும் வேலைசெய்யும் புரதங்களிடமும் இருக்கிறது என்பது என் துணிபு.

டெங்கு வைரசு மிக வறியது. அதன் மரபுப்பொருள் ஆக்கக்கூடிய புரதங்கள் பத்தே பத்து. அவற்றில் மென்சவ்வை அறுக்கும் கத்தி எதுவும் இல்லை. அது கலத்தின் சொத்து. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு என்னும் கொழுப்புப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர்தான். ஆனாலும் அது தானாக அறாது. சிறு கிழிசல் விழுந்தாலும் உடனே மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு பொருளை உள்ளே எடுக்கும்போது கிளாத்ரின் என்னும் புரதம் படலத்தை உள்நோக்கிக் குழித்து ஒரு மொட்டாக்கும். அந்த மொட்டின் கழுத்தில் டைனமின் என்ற புரதத்தின் பல மூலக்கூறுகள் வரிசையாகச் சேர்ந்து சுருளாகச் சுற்றும். குவனோசின் முப்பொஸ்பேற்று உடையும் சக்தியில் சுருள் இறுகும். கழுத்து நொடிப்பொழுதில் அறுந்து, மொட்டு தனிப் பையாகிக் கலத்தினுள் போய்விடும். டெங்கு வைரசு உள்ளே வருவதும் பெரும்பாலும் இந்தப் பையில் ஏறித்தான்.

டைனமினின் வேலையைக் காட்டிக்கொடுத்தது ஒரு பழ ஈ. 'சிபிரே' எனப்படும் விகாரி ஈக்களை ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அவை அசைவற்று விழும். குளிர்ந்ததும் எழுந்து நடக்கும். விழுந்த ஈயின் நரம்பு முனைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கழுத்து அறாத மொட்டுகள் படலத்தில் தொங்கியபடி நின்றன. 1991இல் இந்த ஈக்களில் மாறியிருந்த மரபணு ஆக்குவது டைனமினையே என்பது தெரியவந்தது. வேறு துணையின்றி டைனமின் மட்டும் வெட்டுமா என்ற ஐயம் அதன் பிறகும் இருந்தது. 2008இல் தோமஸ் புக்காடியிலும் சாண்ட்ரா சிமிட்டும் வெறும் கொழுப்புப் படலத்தின்மேல் டைனமினையும் அந்த முப்பொஸ்பேற்றையும் இட்டு, பைகள் அறுந்து வருவதைக் காட்டினார்கள். பின்னர் புக்காடியில் பூனேயில் உள்ள இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடியில் கொழுப்புக் குழாய்களைப் படியவைத்து, அவை துண்டுபடுவதைக் கண்முன்னே காணும் முறையை வளர்த்தார். நோய் பற்றிய பேச்சே இல்லாத இந்த வேலைதான், வைரசு இரவல் வாங்கும் கத்தி எப்படி வெட்டுகிறது என்பதை நமக்குத் தெளிவாக்குகிறது.

வெளியேறுவதற்கு வேறொரு கத்தி வேண்டும். புதிய டெங்குத் துணிக்கைகள் கலத்தினுள் இருக்கும் அகமுதலுருச் சிறுவலை என்னும் மென்சவ்வு வலையின் உட்குழிக்குள் அரும்புகின்றன. அங்கே கழுத்தை அதன் உட்புறத்திலிருந்துதான் அறுக்க முடியும். அதைச் செய்வது எஸ்கார்ட் என்னும் புரதக் குழு. அதன் சில உறுப்புகள் இல்லாவிட்டால் டெங்கு வைரசு ஒழுங்காக உருவாகாது என்று 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நுளம்பை ஒழித்தால் போதாதா என்று கேட்பார்கள். குப்பையை அகற்றுவதும் தண்ணீர்த் தொட்டியை மூடுவதும் கட்டாயம் வேண்டியவையே. ஆனால் டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே பெருகும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஒழிப்பு வேலை நடந்துவந்தது. 2011 முதல் பேராசிரியர்கள் நோபிள் சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமி ஆகியோரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினரும் வெளியிட்ட ஆய்வுகள், கரையோர உவர்நீரிலும் சவர்க் கிணறுகளிலும் குடம்பிகள் வளர்வதை எடுத்துக்காட்டின. கடல்நீர் நிலத்தடியில் ஏறிவரும் குடாநாட்டில் இது சிறிய செய்தியல்ல.

இன்னொரு மறுப்பு வலுவானது. கத்தி நமது கலத்தினது என்றால், அதை மழுக்கும் மருந்து நம்மையே வெட்டாதா? வெட்டும்; விழுந்த ஈயே அதற்குச் சாட்சி. ஆகவே கத்தியைத் தொடாமல், மென்சவ்வை வளைக்க வைரசு தன் பங்குக்கு இடும் பிடியைத் தளர்த்த வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் ஜான்சன் நிறுவனமும் 2021இல் அறிவித்த ஒரு சேர்வை அதைத்தான் செய்கிறது. வைரசின் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பற்றுவதை அது தடுக்கிறது. அதனால் வைரசு தன்னைப் பெருக்கிக்கொள்ளும் மென்சவ்வு அறைகள் புதிதாக உருவாவதில்லை. அதன் உடன்பிறப்பான மொஸ்னோடென்விர் குரங்குகளில் வைரசை அடக்கியது. 2024இல் நிறுவனம் தன் வணிக முன்னுரிமைகளை மாற்றியபோது அதன் களப் பரிசோதனையை நிறுத்தியது வருத்தத்துக்குரியது. நிறுத்தத்துக்குக் காரணம் பாதுகாப்புக் குறைபாடு அல்ல. ஆகவே குறி பிழைத்துவிட்டது என்று கொள்ள இடமில்லை.

நுளம்புக்குள்ளும் வைரசு மென்சவ்வுகளைக் கடந்தே குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகிறது. உவர்நீரில் வளர்ந்த நுளம்பின் புறத்தோலிலும் மரபணு வெளிப்பாட்டிலும் மாற்றங்கள் இருப்பதை யாழ்ப்பாண ஆய்வாளர்கள் 2021இல் காட்டியுள்ளார்கள். அதன் குடற்கலங்கள் வைரசை வாங்கும் விதமும் மாறியிருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்க, சவர்க் கிணறும் அதன் நுளம்பும் பூச்சியியல் அனுபவமும் பக்கத்திலேயே உள்ள குடாநாட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.