கோடையில் வந்த அஞ்சலட்டை

நான் சென்னையில் கல்லூரியில் பயின்ற காலம். ஒரு சித்திரை மாதத்தில் என் தந்தையாரிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. “நலம். கிணற்றில் பதினான்காம் படி தெரிகிறது. சிவப்பி கன்று ஈன்றிருக்கிறது. தங்கையின் கலியாணத்தை ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். ஏரி மண் அடிக்கிறோம். பரீட்சை முடிந்ததும் வரவும்.” கிணற்றை முதலிலும் பெற்ற மகளை மூன்றாவதாகவும் எழுதியிருக்கிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

எங்கள் ஊர் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர். அங்கே போன பிறகுதான் அவ்வரிசையின் பொருள் எனக்கு விளங்கிற்று. தமிழ்நாடு பெறும் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அந்நீரைத் தேக்கி வைக்கவே முன்னோர் ஏரிகளை அமைத்தனர். ஏரியில் நீர் நிற்குமளவும் அருகிலுள்ள கிணறுகளில் ஊற்று இருக்கும். ஏரி வற்றினால் கிணறும் இறங்கும். கிணறு இறங்கினால் கோடையில் சொர்ணவாரி நெல் பயிரிட இயலாது. கலியாணச் செலவுக்கு அப்பா நம்பியிருந்தது அந்த நெல்லைத்தான். அதை விட்டால், மழையை நம்பி விதைக்கும் சம்பா தையில் களத்துக்கு வரவேண்டும். பதினான்காம் படிக்கும் தங்கையின் கலியாணத்துக்கும் இருந்த உறவு இதுவே.

ஆயினும் வீட்டில் எவரும் சோர்ந்திருக்கவில்லை. அம்மாவும் தங்கையும் மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார்கள். அப்பா விடியுமுன் வண்டி பூட்டி, வற்றிய ஏரியின் வண்டலை வயலில் கொட்டினார். மழைநீர் மேட்டு நிலங்களிலிருந்து அடித்து வந்த நுண்ணிய களிமண்ணும், இலைச் சருகும், ஆடுமாடுகளின் சாணமும் சேர்ந்து படிந்ததே வண்டல். அது மணற்பாங்கான நிலத்துக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலையும் உரத்தையும் தருகிறது. ஏரியும் ஆழமாகிறது. ஓர் உழைப்புக்கு இரு பயன்.

ஒருநாள் மாலை இடியுடன் கோடை மழை பெய்தது. மறுநாளே அப்பா ஏர் பூட்டினார்.

“விதைக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே அப்பா, இப்பொழுது உழுவானேன்?” என்று கேட்டேன்.

“வானம் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள நிலம் ஆயத்தமாக இருக்க வேண்டாமா?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. இறுகிய மண் பிளந்தால் அடுத்த மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்கும். கோரைக் கிழங்குகள் வெயிலில் காயும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெப்பத்தாலும் பறவைகளாலும் அழியும்.

ஐப்பசி இறுதியில் விடுதிக்கு மற்றோர் அட்டை வந்தது. “ஏரி கலங்கல் வழிகிறது. சம்பா நன்றாக இருக்கிறது. தை ஏழாம் நாள் கலியாணம்.” அருகிருந்து படித்த நண்பர் ஒருவர், “தங்கையின் கலியாணத்தைவிட உங்கள் வீட்டில் ஏரிதான் பெரிதோ?” என்று நகைத்தார். இதுகாறும் உங்களுக்குச் சொன்னதை அன்று அவருக்குச் சொன்னேன்.